ரஸ்ட் எடிஷன்: பழைய நிரலுக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு தூரம் தாங்குகிறது?

ரஸ்ட் நிரல்மொழியின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2015 மே 15. அந்த வருஷம் எழுதி, வெளி லைப்ரரி எதையும் சேர்க்காமல் வைத்திருந்த நிரல் ஒன்றை இன்றைய கம்பைலரிடம் கொடுத்தால், பெரும்பாலும் நாலைந்து எச்சரிக்கைகளை முணுமுணுத்துவிட்டுக் கம்பைல் செய்து தந்துவிடும். இடையில் மொழி கொஞ்சநஞ்சமா மாறியது? மாட்யூல் பாதை எழுதும் முறை மாறியது, காத்திருக்கும் வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தும் ஏசிங்க் வந்தது, ஒரு குளோஷர் (சுற்றியுள்ள மாறிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பெயரில்லா ஃபங்ஷன்) எதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்ற விதிகூட மாறியது. பழைய நிரல் உடையாது என்ற வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே இதையெல்லாம் செய்ய உதவிய ஏற்பாட்டுக்குப் பெயர்தான் எடிஷன். மொழி நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. இங்கே எடைபோடுவது அந்த ஏற்பாட்டை மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இலக்கணத்தைப் பொறுத்தவரை வாக்கு காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் அது ஒருவழிப் பாதை. பழைய நிரலைப் புதிய கம்பைலரில் ஓட்டினால் பாதுகாப்பு உண்டு. புதிய கிரேட்டை (ரஸ்ட்டில் ஒரு லைப்ரரி அல்லது புரோகிராமின் பெயர் கிரேட்) பழைய கம்பைலரில் ஓட்டினால் கேட்க நாதி கிடையாது. குழுக்கள் வந்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான், திட்டு விழுவது என்னவோ முதலாவதுக்கு.

ஒரே ஒரு வரி

வெளியே தெரிவது, ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோ படிக்கும் கார்கோ.டோமல் கோப்பில் உள்ள ஒரு வரி மட்டும்: எடிஷன் = "2021". இதுவரை வந்தவை நான்கு. 2015 முதலாவது. 2018 எடிஷன் 1.31 பதிப்போடு 2018 டிசம்பரில் வந்தது, 2021 எடிஷன் 1.56-ஓடு 2021 அக்டோபரில், 2024 எடிஷன் 1.85-ஓடு 2025 பிப்ரவரியில். வரியே இல்லாவிட்டால் 2015 என்று எடுத்துக்கொள்ளும். 'கார்கோ நியூ' கொடுத்துத் தொடங்குகிறவர்களுக்குப் புதிய எண் தானாகவே எழுதப்பட்டுவிடுவதால் இது கண்ணில் படாது. கோப்பைக் கையால் எழுதினாலோ, கார்கோவை விட்டுவிட்டு கம்பைலரான ரஸ்ட்சி-யை நேரடியாகக் கூப்பிட்டாலோ, ஏசிங்க் ஃபங்ஷன் 2015-ல் அனுமதி இல்லை என்ற பிழை வந்து நிற்கும். நிரலில் தப்பு தேடி அரைமணி நேரம் வீணாக்காமல் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

இதன் கெட்டிக்காரத்தனம், எடிஷன் ஒவ்வொரு கிரேட்டுக்கும் தனித்தனி என்பதில் இருக்கிறது. ஒரே பைனரிக்குள் 2015 கிரேட்டும் 2024 கிரேட்டும் சேர்ந்து உட்காரலாம். எடிஷன் வேறுபாடுகளில் பெரும்பகுதி கம்பைலரின் முன்பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறது, மிர் எனப்படும் இடைவடிவத்துக்கு இறங்கியபின் இரண்டும் ஒரே பாஷைதான் பேசுகின்றன. பைதான் 2-லிருந்து 3-க்குப் போனதோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு தெரியும். அங்கே ஒரு புரோகிராம் முழுவதும், அது சார்ந்திருக்கும் லைப்ரரிகளான டிபென்டன்சிகள் அத்தனையும், ஒன்றாகக் கரை சேர வேண்டியிருந்தது. 2008 டிசம்பரில் வந்த பைதான் 3-க்கு ஆட்கள் நகர்ந்து முடிக்கட்டும் என்று 2-ஐ 2020 ஜனவரி 1 வரை உயிரோடு வைத்திருந்தார்கள். ரஸ்ட்டில் பக்கத்துக் கிரேட்டுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

கீவேர்டு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2018-ல் 'ஏசிங்க்' கீவேர்டு ஆனது. 2015 எடிஷனில் இருக்கும் ஒரு லைப்ரரி, தன் ஃபங்ஷன் ஒன்றுக்கே 'ஏசிங்க்' என்று பெயர் வைத்திருக்கிறது. 2021 கிரேட்டிலிருந்து அதை எப்படி அழைப்பது? பெயருக்கு முன்னால் ஆர் எழுத்தும் ஹாஷ் குறியும் போட்டால் போதும், கம்பைலர் அதைக் கீவேர்டாகப் பார்க்காமல் வெறும் பெயராகப் பார்க்கும். 2024-ல் 'ஜென்' ஒதுக்கப்பட்டபோதும் இதே கதவுதான். மேக்ரோக்களிலும் இதே கவனம் இருக்கிறது. ஒவ்வொரு டோக்கனும் தான் எந்த எடிஷனில் எழுதப்பட்டது என்பதைக் கூடவே சுமந்து வருகிறது. அதனால் 2015-ல் எழுதிய மேக்ரோ 2024 கிரேட்டுக்குள் விரிந்தாலும் தன் பழைய அர்த்தத்திலேயே விரியும். பார்க்கச் சின்ன விஷயம். இது இல்லாவிட்டால் மொத்த ஏற்பாடும் ஒரே நாளில் சரிந்திருக்கும்.

எடிஷன் தொடாத இடம்

ஸ்டாண்டர்ட் லைப்ரரி எல்லா எடிஷன்களுக்கும் பொதுச் சொத்து. அதனால் எதையும் தூக்கிப்போட முடியாது. நினைவகத்தை நிரப்பாமல் மதிப்பு தரும் மெம்::அன்இனிஷியலைஸ்டு ஃபங்ஷன் 1.39-லேயே கைவிடப்பட்டது, அதைச் சரியாகப் பயன்படுத்துவதே கிட்டத்தட்ட முடியாத காரியம். இருந்தும் இன்றும் இருக்கிறது. நீக்க வழியில்லாததால், ஒவ்வொரு பைட்டிலும் 1 என்ற மதிப்பை நிரப்பித் தரும்படி செய்து அதன் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். வீட்டில் பழைய சாமான் சேர்வது மாதிரிதான். வழியில் இடறாதவரை யாரும் கவலைப்படுவதில்லை.

இடறிய ஒரு சந்தர்ப்பம், உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் அர்ரேயின் இன்டூ_இட்டர். 1.53-க்கு முன் அர்ரே மீது அந்த மெத்தடை அழைத்தால், நேரடி வசதி இல்லாததால் கம்பைலர் அர்ரேயின் ரெஃபரன்ஸுக்கு உள்ள மெத்தடைப் பிடித்து, உறுப்புகளுக்குப் பதில் அவற்றின் ரெஃபரன்ஸ்களைத் தரும். 1.53-ல் அர்ரேக்கே இன்டூஇட்டரேட்டர் என்ற ட்ரெயிட் (ஒரு டைப்புக்கு இந்தத் திறன் உண்டு என்று சொல்லும் ஒப்பந்தம்) வந்தது. உறுப்புகளையே தரும் அந்த மெத்தடை எல்லோருக்கும் திறந்துவிட்டால், ரெஃபரன்ஸை எதிர்பார்த்து எழுதிய பழைய நிரல்கள் விழும். அதனால் கம்பைலருக்குள் ஒரு விசேஷ விதி வைத்தார்கள். ட்ரெயிட் எல்லா எடிஷனிலும் உண்டு, 'ஃபார்' சுற்றில் எங்கும் உறுப்புகளே கிடைக்கும். புள்ளி வைத்து மெத்தடாக அழைக்கும்போது மட்டும், 2015-லும் 2018-லும் அந்த ட்ரெயிட் இல்லாததுபோல நடிக்கும். பிறகு பாக்ஸுக்குள் (மதிப்பை ஹீப் நினைவகத்தில் வைக்கும் உறை) இருக்கும் ஸ்லைஸுக்கும் (வரிசையாக உள்ள உறுப்புகளின் தொகுப்பு) இதே வித்தையை 2024 எடிஷனை எல்லையாக வைத்துச் செய்தார்கள். அழகில்லைதான், ஆனாலும் பாராட்ட வேண்டிய அழகின்மை. மொழியின் விதிப்புத்தகத்தில் ஒரு கறை விழுந்தது, பயனர்களின் நிரல்களில் விழவில்லை.

எல்லா இடத்திலும் இவ்வளவு கரிசனம் காட்டப்படவில்லை.

1.80-ம் டைம் கிரேட்டும்

2024 ஜூலையில் வந்த 1.80 பதிப்பில், இட்டரேட்டரிலிருந்து பாக்ஸ்<ஸ்டர்> உருவாக்கும் வசதி சேர்க்கப்பட்டது. சேர்த்ததுதான், எதையும் எடுக்கவில்லை. ஆனால் தேதி, நேரம் கையாளும் டைம் கிரேட்டின் பழைய பதிப்புகளில் ஒரு வரி, இட்டரேட்டரைத் திரட்டி ரிசல்ட்<பாக்ஸ்<_>, _> ஆக்கு என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் கீழ்க்கோடு 'நீயே ஊகித்துக்கொள்' என்று கம்பைலருக்குச் சொல்வது. 1.79 வரை பாக்ஸுக்குள் திரட்ட ஒரே ஒரு வழிதான், பாக்ஸ்<[டி]>. ஆகவே ஊகம் தவறாது. 1.80-ல் வழி இரண்டானது, கம்பைலர் கையை விரித்து, டைப்பைக் குறிப்பிடு என்று இ0282 பிழையைத் தந்தது. டைமை நேரடியாகப் பயன்படுத்தாதவர்களும் விழுந்தார்கள், பல அடுக்குகளுக்குக் கீழே ஏதோ ஒரு டிபென்டன்சி அதை இழுத்து வைத்திருந்ததால்.

திருத்தம் எளிது: 'கார்கோ அப்டேட் -பி டைம்'. 0.3.35 அல்லது அதற்கு மேல் போனால் முடிந்தது. இதில் ஒரு விசித்திரம், வழக்கமாக நல்ல பழக்கம் என்று சொல்லப்படுவதே இங்கே காலை வாரியது. டிபென்டன்சிகளின் பதிப்பு எண்களைப் பூட்டிவைக்கும் லாக் கோப்பை அப்படியே மதிக்கும்படி '--லாக்டு' கொடுத்து ஒரு கருவியை நிறுவினால், பூட்டப்பட்டிருந்த பழைய டைம் வந்து கம்பைல் உடைந்தது. கொடுக்காமல் நிறுவினால் புதிய டைம் வந்து வேலை செய்தது.

இது வாக்குமீறலா? எழுத்துப்படி இல்லை. ட்ரெயிட்டுக்குப் புதிய அமலாக்கம் சேர்ப்பதால் எங்காவது ஊகம் குழம்பினால் அது 'சிறு மாற்றம்' என்றே ரஸ்ட்டின் ஏபிஐ வளர்ச்சி விதிகள் வகைப்படுத்துகின்றன. தெளிவாக டைப் எழுதிவைத்தால் தப்பித்திருக்கலாம் என்பது வாதம். ஊகிப்பதையே அன்றாட வழக்கமாகப் பழக்கிவிட்ட மொழி, ஊகத்தை நம்பியது உன் தவறு என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். கிரேட்டர் என்றொரு கருவி வெளியீட்டுக்கு முன்பே பொதுவெளியில் இருக்கும் கிரேட்டுகளைக் கூட்டமாகக் கம்பைல் செய்து பார்க்கிறது. இவ்வளவு பரவலாகப் பயன்படும் ஒரு கிரேட்டில் முறிவு இருக்கும்போது, ஒரு பதிப்பாவது எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றியிருக்கலாம். இந்த மதிப்பாய்வில் பெரிய மதிப்பெண் குறைவது இங்கேதான்.

கோ மொழி இதில் ஒரு படி மேல். கோ 1.21-லிருந்து, கோ.மாட் கோப்பில் உள்ள பதிப்பு எண் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் நடத்தையையும் கட்டுப்படுத்துகிறது. பழைய எண்ணோடு இருக்கும் புரோகிராமுக்கு, மாற்றம் கண்ட பல இடங்களில் பழைய நடத்தையே கிடைக்கும். ரஸ்ட் எடிஷனுக்கு அந்த அளவு கை நீளமில்லை.

2024-க்கு மாற்றுவது

முதலில், ரஸ்ட் பதிப்புகளை நிறுவும் கருவியான ரஸ்ட்அப் வழியாக 1.85-க்கோ அதற்கு மேலோ ஏறுங்கள். இப்போதைய எடிஷனிலேயே எச்சரிக்கைகளைச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் கிட்டில் கமிட் செய்துவிடுங்கள். கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் 'கார்கோ ஃபிக்ஸ்' வேலை செய்யவே மறுக்கும், '--அலவ்-டர்ட்டி' கொடுத்து அதை அடக்குவது புத்திசாலித்தனம் இல்லை. பிறகு 'கார்கோ ஃபிக்ஸ் --எடிஷன் --ஆல்-ஃபீச்சர்ஸ்'. இது எடிஷன் எண்ணைத் தொடாது, கார்கோ.டோமலில் அந்த வரியை நீங்கள்தான் கையால் மாற்ற வேண்டும். மாற்றியபின் பில்ட், டெஸ்ட். ஃபார்மேட்டைத் தனிக் கமிட்டாகக் கடைசியில் செய்யுங்கள், ஏனென்றால் நிரலை ஒழுங்குபடுத்தும் ரஸ்ட்எஃப்எம்டி கருவியின் பாணியும் 2024-ல் மாறியிருக்கிறது. இரண்டையும் கலந்தால் உண்மையான மாற்றம் எது, வரிசை மாறியது எது என்று ரிவ்யூ செய்கிறவருக்குத் தெரியாது. பழைய பாணியே போதுமென்றால் ரஸ்ட்எஃப்எம்டி.டோமல் கோப்பில் ஸ்டைல்_எடிஷனை 2021 என்று வைத்துவிடலாம்.

'--ஆல்-ஃபீச்சர்ஸ்' ஏன்? அந்த ஓட்டத்தில் கம்பைல் ஆகாத நிரல் கருவியின் கண்ணுக்கே தெரியாது. ஃபீச்சர் அணைந்திருந்தால் அந்தப் பகுதி தப்பிவிடும். விண்டோஸுக்கு மட்டும் எழுதிய பகுதிகளை லினக்ஸில் ஓட்டித் திருத்த முடியாது, '--டார்கெட்' கொடுத்து இன்னொரு முறை ஓட்ட வேண்டும். டாக் கமென்ட்டுக்குள் இருக்கும் எடுத்துக்காட்டுகளையும் அது தொடாது. பில்ட் ஆகிவிட்டது என்று மகிழ்ந்தபின் டாக்டெஸ்ட் (அந்த எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்க்கும் சோதனை) வரிசையாக விழுவது இதனால்தான்.

பல கிரேட் கொண்ட, மேலே தனக்கென்று கிரேட் இல்லாத வொர்க்ஸ்பேஸில் இன்னொரு குழி உண்டு. தனிக் கிரேட்டில் எடிஷன் எண்ணே டிபென்டன்சி ரிசால்வரையும் (எந்த டிபென்டன்சியில் எந்தப் பதிப்பை எடுப்பது என்று தீர்மானிக்கும் பகுதி) தேர்ந்தெடுத்துவிடும், 2021-க்கு 2, 2024-க்கு 3. மேல்கோப்பில் எடிஷனே இல்லாத வொர்க்ஸ்பேஸுக்கு அது தெரியாது, பழைய 1-க்குப் போய்விடும். எச்சரிக்கை வரும், பலர் கண்டுகொள்வதில்லை. மேல்கோப்பில் ரிசால்வர் = "3" என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

ஃபிக்ஸ் செய்யும் திருத்தங்களை அப்படியே ஏற்க வேண்டாம். அதன் ஒரே குறிக்கோள் பழைய நடத்தையை மாற்றாமல் வைப்பது. அது நல்ல நடத்தையா என்பது அதற்குத் தெரியாது. ஒரு உதாரணம். ஆர்டபிள்யூலாக் (பலர் சேர்ந்து படிக்கலாம், எழுதும்போது ஒருவர் மட்டும் என்ற பூட்டு) ஒன்றின் ரீட் பூட்டை 'இஃப் லெட்' நிபந்தனையிலேயே எடுத்து, மதிப்பு இல்லாவிட்டால் 'எல்ஸ்' பகுதியில் ரைட் பூட்டைக் கேட்கும் நிரல். 2021 வரை, நிபந்தனையில் பிறந்த தற்காலிக மதிப்பு 'எல்ஸ்' முடியும்வரை உயிரோடு இருந்தது. அதாவது ரீட் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே ரைட் பூட்டுக்குக் காத்திருக்கும், புரோகிராம் அங்கேயே உறைந்து நிற்கும். 2024-ல் 'எல்ஸ்' தொடங்கும் முன்பே ரீட் பூட்டு விடப்படுகிறது, சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஃபிக்ஸ் என்ன செய்யும் தெரியுமா? பழைய ஆயுள் மாறக்கூடாது என்று அந்த 'இஃப் லெட்'டை 'மேட்ச்' ஆக மாற்றி எழுதிவிடும். டெட்லாக்கும் பத்திரமாகக் கூடவே வந்துசேரும். மாற்றங்களைப் பார்வையிடும்போது இப்படி முளைத்த 'மேட்ச்' ஒவ்வொன்றிலும் நின்று, தேவையில்லாததை மறுபடி 'இஃப் லெட்' ஆக்குங்கள்.

2018-லிருந்து 2021-க்கு வருகிறவர்கள் குளோஷர்களின் தலையில் 'லெட் _ = &எக்ஸ்;' என்று அர்த்தமில்லாததுபோல ஒரு வரி முளைத்திருப்பதைப் பார்ப்பார்கள். 2021-ல் குளோஷர் ஒரு ஸ்டரக்ட் முழுவதையும் பிடிக்காமல் தேவையான ஃபீல்டை மட்டும் பிடிக்கும், அதனால் எது எப்போது டிராப் ஆகும் என்பது மாறலாம். அந்த வரி, முழுவதையும் பிடிக்கவைக்கும் ஆணி. டிராப் வரிசை முக்கியமில்லாத இடங்களில் பிடுங்கி எறியலாம்.

சூழல் மாறியை மாற்றும் என்வ்::செட்_வார் 2024-ல் அன்சேஃப் (பாதுகாப்புக்குக் கம்பைலர் அல்ல, எழுதுகிறவரே பொறுப்பு) ஆகியிருக்கிறது. யூனிக்ஸில் வேறொரு த்ரெட் அதே நேரம் சூழல் மாறியைப் படித்தால் நினைவகம் கெடக்கூடும் என்பது காரணம். ஃபிக்ஸ் அதைச் சுற்றி ஓர் அன்சேஃப் கட்டம் கட்டிவிட்டு, இது ஒரே த்ரெட்டில்தான் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு குறிப்பும் வைக்கும். அந்தக் குறிப்பை அழித்துவிட்டு நகர்வது எளிது. செய்யாதீர்கள்.

எதிர்த்திசையில் என்ன நடக்கிறது

லினக்ஸ் வகையான டெபியன் 12-ன் களஞ்சியத்தில் இருக்கும் ரஸ்ட் 1.63. அதை வைத்துக்கொண்டு இன்று ஒரு புராஜெக்ட்டை பில்ட் செய்யப் பாருங்கள். முதல் தடை லாக் கோப்பு. 1.83-லிருந்து புதிதாக உருவாகும் கார்கோ.லாக் 4-ம் வடிவத்தில் இருக்கும், 1.78-க்கு முந்தைய கார்கோவால் அதைப் படிக்க முடியாது. அதைத் தாண்டினால் 'எடிஷன்2024 என்ற ஃபீச்சர் தேவை' என்ற பிழை. உங்கள் நிரல் 2018-லேயே இருக்கலாம், ஆனால் டிபென்டன்சியின் டிபென்டன்சி ஒன்று 2024-க்குப் போயிருந்தால் 1.85-க்குக் கீழே இருக்கும் கார்கோ அதன் கோப்பைத் திறந்த மாத்திரத்தில் நின்றுவிடும். எடிஷன்கள் கலந்து வாழும் என்ற வாக்குக்குள் 'போதிய அளவு புதிய கம்பைலர் இருந்தால்' என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

வழி இருக்கிறது. கார்கோ.டோமலில் ரஸ்ட்-வெர்ஷன் = "1.63" என்று எழுதிவிட்டு, 1.84 அல்லது அதற்கு மேற்பட்ட கார்கோவில், ரிசால்வரின் இன்கம்பேட்டிபிள்-ரஸ்ட்-வெர்ஷன்ஸ் அமைப்பை 'ஃபால்பேக்' என்று வைத்து 'கார்கோ அப்டேட்' கொடுங்கள். அந்தக் கம்பைலரோடு ஒத்துப்போகும் கிரேட் பதிப்புகளுக்கு முன்னுரிமை தந்து லாக் கோப்பு உருவாகும். ரிசால்வர் 3-ல் இதுவே இயல்பு. ரஸ்ட்-வெர்ஷன் எழுதாத கிரேட்டுகள் இந்த வடிகட்டியில் சிக்காது, அவற்றை 'கார்கோ அப்டேட் -பி பெயர் --ப்ரிசைஸ் பதிப்பு' என்று ஒவ்வொன்றாகக் கீழே இறக்க வேண்டும். அதாவது பழைய கம்பைலருக்கு லாக் கோப்பு தயாரிக்கவே புதிய கம்பைலர் வேண்டும். வேடிக்கைதான், ஆனால் வேலை செய்கிறது. ரஸ்ட் திட்டம் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று எதையும் தருவதில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, முந்தையது அத்தோடு சரி.

வாக்கில் சேராத இன்னும் சில. 1.64-ல் லினக்ஸுக்குக் குறைந்தபட்சம் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.17, கெர்னல் 3.2 என்று உயர்த்தினார்கள். 1.78-ல் விண்டோஸ் 10-க்குக் கீழே இருப்பவை வழக்கமான டார்கெட்டுகளிலிருந்து வெளியேறின. 1.84-ல் வாசம்32-வாசி என்ற டார்கெட் பெயரே எடுக்கப்பட்டு அதன் இடத்தில் வாசம்32-வாசிப்1 நின்றது, சிஐ (தானாக பில்ட், டெஸ்ட் ஓட்டும் ஏற்பாடு) கோப்பில் பழைய பெயர் வைத்திருந்தவர்களுக்கு நிரலில் ஒரு எழுத்து மாறாமலே பில்ட் உடைந்தது. தினசரிச் சோதனைப் பதிப்பான நைட்லியின் ஃபீச்சர்களுக்கும் எந்த உத்தரவாதமும் கிடையாது, கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் வெடி ஒன்றும் உண்டு: நிரலின் தலையில் 'டினை(வார்னிங்ஸ்)' போடுவது. ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிய எச்சரிக்கைகளோடு வரும், 1.80-ல் தெரியாத சிஎஃப்ஜி (நிபந்தனையோடு கம்பைல் ஆகும் பகுதிகளைக் குறிக்கும்) பெயர்களுக்கு வந்ததுபோல. எச்சரிக்கை பிழையாகி பில்ட் நிற்கும், பழி மட்டும் மொழி மேல் விழும். டிபென்டன்சிகளின் எச்சரிக்கைகளைக் கார்கோ தானாக அடக்கிவிடுகிறது, உங்கள் கிரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தக் கண்டிப்பு வேண்டுமானால் சிஐ-யில் மட்டும், ரஸ்ட்ஃப்ளாக்ஸ் சூழல் மாறி வழியாக, பதிப்பு எண்ணைப் பூட்டிவைத்து வையுங்கள். பூட்டுவதற்கு ரஸ்ட்-டூல்செயின்.டோமல் கோப்பில் சேனல் = "1.85.0" என்று எழுதினால் போதும், ரஸ்ட்அப் அதையே எடுத்துக்கொள்ளும்.

கம்பைல் ஆன பைனரிகளை ப்ளக்-இன்களாக விநியோகிக்க நினைப்பவர்களுக்கு எடிஷன் எந்த உதவியும் செய்யாது. ரஸ்ட்டின் பைனரி இடைமுகம் (ABI) நிலையானதல்ல. ஒரு பதிப்பில் கம்பைல் செய்த லைப்ரரியை இன்னொரு பதிப்பில் கம்பைல் செய்த புரோகிராம் ஏற்றினால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. எல்லையில் எக்ஸ்டர்ன் "சி" ஃபங்ஷன்களும் ரெப்ர்(சி) ஸ்டரக்ட்களும் மட்டும் வைத்து, சிடைலிப் (சி மொழி முறையில் அழைக்கக்கூடிய டைனமிக் லைப்ரரி) ஆகத் தயாரிப்பதே பாதுகாப்பான வழி.